எல்லாம் ஓகே, டாக்டர்

அப்பா, உங்கள் உயிரைக் காப்பாற்ற வேண்டிய அட்டையை டின்னுக்குள் பூட்டி வைத்துவிட்டுச் செத்தீர்கள்.

இன்று மத்தியானம் அந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். நாளைக் காலை அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அவருடைய பழைய மருத்துவக் கடிதத்தைத் தேடியபோது, என் பிறப்புப் பத்திரத்துக்கும் உங்கள் திருமணச் சான்றிதழுக்கும் நடுவில் அந்த அட்டை கிடந்தது. ஒரு கீறல் இல்லை. பென்சிலின் ஒவ்வாமை என்று மலாயில் அச்சிட்டு, கீழே உங்கள் பெயர். லேமினேட் செய்து கொடுத்தது நான்தான். மூடி கைநழுவிக் கீழே விழுந்தது. "என்னா உடைஞ்சுச்சு?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார். "ஒன்னுமில்லம்மா" என்றேன்.

அதை ஏன் பூட்டி வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தோட்டத்து லயத்து வீட்டில் பெரியப்பாவின் பிறப்புப் பத்திரத்தைக் கறையான் தின்றது. மனிதர் சாகும்வரை குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டையோடு, பிறந்த நாட்டிலேயே அந்நியராக அலைந்தார். அதிலிருந்து அரசாங்க முத்திரை விழுந்த எந்தத் தாளும் நம் வீட்டில் வெளிக்காற்றைப் பார்த்ததில்லை. முதல் தடவை ஒரு மாத்திரையால் உதடு வீங்கி, மூச்சுத் திணறி, இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்து எழுந்தீர்கள். மருந்தகத்துப் பெண் அட்டையைக் கொடுத்து, எங்கே போனாலும் பையில் இருக்கட்டும் என்றார். தலையாட்டினீர்கள். வீட்டில் நான் அதை லேமினேட் செய்து கொடுத்ததும், "தொலைஞ்சா எவன் திருப்பிக் குடுப்பான்?" என்று டின்னுக்குள் போட்டீர்கள்.

நீங்கள் வாயில்லாத ஆளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோவீர்கள். எடை பார்ப்பவர் ஒருநாள் குறைத்து எழுதிவிட்டார். "கண்ணாடி போட்டும் நம்பர் தெரியலையாலா? கழட்டி என்கிட்ட குடு, நான் பாத்துச் சொல்றேன்!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற லோரிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். பள்ளி விடுமுறைக்கு உங்களோடு வந்திருந்த எனக்கு, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அதே வாய் டாக்டரைக் கண்டால் அடங்கிவிடும். உங்கள் அப்பா காலத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதினால்தான் அது நோய். எதிர்த்துக் கேட்டவனுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்து வேலைக்கு விரட்டினார்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். அந்தப் பயத்தை மட்டும் யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை. நம்மிடமே விட்டுவிட்டார்கள்.

போன வருடம் செம்பனை முள் குத்தி உங்கள் கால் சீழ் பிடித்தது. என் மோட்டார் சைக்கிளில் டவுனிலிருந்த ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனோம். "ஒரு ஊசி போட்டுட்டா நாளைக்கு லோரி எடுத்துருவேன் பாப்பா." டாக்டர் திரையைப் பார்த்தபடியே, ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா என்று மலாயில் கேட்டார்.

"எல்லாம் ஓகே, டாக்டர்."

நான் வாயைத் திறந்தேன். "அப்பா, அன்னிக்கு அந்த மாத்திரை..." நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினீர்கள். "டாக்டரு வேலை பாக்கறாரு, சும்மா இரு." பிறகு என் காதருகில், "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்லா" என்றீர்கள்.

அது வேறு கம்ப்யூட்டர், அப்பா. மருத்துவமனையில் எழுதி வைத்தது அந்தக் கிளினிக்குக்குத் தெரியாது. எனக்கே பிறகுதான் தெரிந்தது. டாக்டர் தலையைத் தூக்கவில்லை. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். போட்டது என்ன ஊசி என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் பேசியிருந்தால் போதும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஜெராம் போகும் சாலையில், "பாப்பா, நாக்கு தடிக்குது" என்றீர்கள். அடுத்து நீங்கள் சொன்னது சொல்லாகவே வரவில்லை. உங்கள் நெற்றி என் முதுகில் வந்து இடித்தது. மோட்டாரை நிறுத்திக் கையைக் காட்டி ஒரு காரை மறித்தேன். மருத்துவமனை வாசலை எட்டுவதற்குள் முடிந்துவிட்டது. இன்றைக்கும் மோட்டாரில் யாராவது பின்னால் உட்கார்ந்தால் என் முதுகு விறைத்துப் போகிறது.

இப்போது அம்மா. போன வாரம் ஒரு பெண் டாக்டர் அவரைப் பரிசோதித்தார். நல்ல மாதிரி. வேறு மாத்திரை, ஜாமு, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அம்மா இல்லை என்றார். நானும் நம்பினேன். இன்று மருத்துவமனைக்குத் துணி எடுத்து வைத்தபோது, அவர் கைப்பையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். கறுப்பு உருண்டைகள். பெயர் இல்லை, ஒட்டுத்தாள் இல்லை.

"முட்டி வலிக்கு சந்தையில வாங்குனது. ரெண்டு வருஷமா சாப்பிடறேன். செம்பனைக் காட்டுல குனிஞ்சு பழம் பொறுக்குன முட்டிடி இது."

"டாக்டர்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா ஏசுவாங்க. ஆப்பரேசன தள்ளிப் போட்டுருவாங்க."

"தள்ளிப் போட்டா போடட்டுமே!"

"உங்கப்பன மாதிரி கத்தாத."

மருத்துவமனைக்குப் போன் போட்டேன். மருந்தகத்தில் பேசியவருடைய குரல் சட்டென்று மாறியது. இந்த மாதிரி உருண்டைகளில் ஸ்டீராய்ட் கலந்திருக்கலாம், அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பொட்டலத்தோடு வந்து டாக்டரிடம் சொல்லுங்கள் என்றார்.

அன்று நான் சொல்லாமல் விட்டது மூன்றே சொல். அப்பாவுக்குப் பென்சிலின் ஆகாது. தொழிற்சாலை பஸ்ஸில், குளிக்கும்போது, சாப்பாட்டு வரிசையில், யாரும் கேட்காதபோது அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை என் வாயிலிருந்து இறக்கி வைக்க இடமில்லை. நாளைக்கு டாக்டர் ஏசினாலும் சரி, எல்லாவற்றையும் நான் சொல்லிவிடுவேன். ஆனால் அறுவைச் சிகிச்சை அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் என்னை விடமாட்டார்கள். உள்ளே வேறு முகங்கள் இருக்கும். மறுபடியும் கேட்பார்கள். அங்கே அம்மாவுக்காக அம்மாதான் பேச வேண்டும்.

சற்று முன் அடுப்படிக்குப் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"உள்ள கேப்பாங்கம்மா. என்ன சாப்பிடறீங்கன்னு நீங்களே உங்க வாயால சொல்லணும். இப்ப எனக்குச் சொல்லிக் காட்டுங்க."

அவர் நிமிரவில்லை. தோல் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது.

"சொல்லுங்கம்மா."