பதினொரு புள்ளடிகள்

1973 நவம்பர் 1, வியாழன். பதுளை

மாரியாயியின் இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் காலையில் உறுதிப்படுத்தினார். கப்பலேறத் தலைமன்னார் போகும் ரயில் 17ஆம் திகதி.

அவள் விதவை. ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் ஒரு சிறிய தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுப்பவள். ஒரே மகள் தனலெட்சுமி இலங்கைப் பிரஜை. ஏழு மாதக் கர்ப்பிணி.

நான் பத்திரிகை நிருபன்; தோட்டத்தாருக்கு ‘நானா’, முஸ்லிம் அண்ணன். என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "இந்தியாவுக்கு நான் எழுதிக் குடுக்கவே இல்லீங்க நானா. அங்க எனக்கு யாரு இருக்கா?"

இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை கேட்ட விண்ணப்பத்தில் அவள் பெயருக்கு நேரே புள்ளடி இருக்கிறது என்கிறார் கிளாக்கர்.

நவம்பர் 2

புள்ளடி. எக்ஸ். ஆங்கிலத்தில் இருபத்து நான்காம் எழுத்து. கொழும்பில் நான் அச்சுப்படி திருத்திய காலத்தில், உடைந்த எழுத்துக்கு நேரே ஓரத்தில் இதைப் போடுவோம். கணக்கு வாத்தியாருக்கு இது தெரியாத தொகை. ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படத்தின் பெயரில் முதலெழுத்து. தேர்தலில் வாக்கு. நாடற்றவளான மாரியாயிக்கு அந்த வாக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

தோட்டத்தில் இதை யாரும் எழுத்தாக நினைப்பதில்லை. எழுதத் தெரியாதவரின் கையொப்பம், அவ்வளவுதான். பக்கத்தில் எழுதத் தெரிந்த ஒருவர் சாட்சி வைத்தால் செல்லும்.

நவம்பர் 4, ஞாயிறு

மாரியாயியின் கங்காணி மாரிசாமியை அவர் வீட்டில் கண்டேன். புள்ளடி பற்றிக் கேட்டதும் மறைக்கவில்லை.

"அன்னிக்கு எழுதத் தெரியாத பதினோரு பேரும் மலையில கொழுந்தெடுத்துக்கிட்டு நின்னாங்க நானா. கீழ கூப்பிட்டா அரைப்பேரு போயிரும். நாந்தான் புள்ளடிய வரிசையாப் போட்டேன்."

அரை நாள் சம்பளம் போய்விடக் கூடாதென்று செய்த உதவி. மாரியாயி இந்தியாவுக்குப் போகிறேன் என்று சொன்னாளா என்று கேட்டேன்.

"அவ புருசன் சொல்லிக்கிட்டே இருந்தான். சாகுறப்பயும் ஊரு ஊருன்னுதான்—"

அவர் மனைவி அடுப்படியிலிருந்து: "ஆசைப்பட்டவரு போய்ச் சேந்துட்டாரு. அவள எதுக்கு ஏத்தி விடுற?"

சாட்சி யார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "நீங்கதானே நானா. டீ குடிச்சிக்கிட்டே போட்டுக் குடுத்தீங்க."

நவம்பர் 5

1970 மார்ச். மண்சரிவுச் செய்திக்காக அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கங்காணி தாளை நீட்டினார், பதினொரு இடத்தில் கையெழுத்திட்டேன். கண்ணால் காணாததை எழுதுவதில்லை என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லி வருகிறேன். ஒரு புள்ளடியாவது போடுறதப் பாத்தேனா? இல்ல. பாக்கல. ஒண்ணுகூடப் பாக்கல.

நவம்பர் 6

மனைவி றஷீனாவிடம் சொன்னேன். வெளியே சொன்னால் வேலை போகலாம், வழக்கும் வரலாம் என்றேன்.

"சொல்லாட்டி ஒங்களுக்குச் சோறு எறங்குமா?" என்றாள்.

நவம்பர் 8

சமாதான நீதவான் அலவி முன் சத்தியக் கடதாசி கொடுத்தேன். காணாமலே சாட்சி வைத்தேன் என்று எழுதினேன். "இது ஒங்கட கழுத்துக்குத்தான் கயிறு, தெரியுந்தானே?" என்றார் அலவி.

பயணத்தை நிறுத்தக் கேட்கும் மாரியாயியின் மனுவும் கூடவே. அதில் அவளே புள்ளடி போட்டாள். ஒரு கால் நீண்டு, பேனைமுனை தாளைக் கிழித்தது. கிளாக்கர் காட்டிய பிரதியில் பதினொன்றும் ஒரே அளவு, ஒரே சாய்வு.

பதிவுத் தபாலில் கொழும்புக் குடியுரிமை அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று.

நவம்பர் 12

பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் பேசினார்; சத்தியக் கடதாசி விஷயம் அவருக்கும் எட்டிவிட்டது. விசாரணை முடியும்வரை செய்தி அனுப்ப வேண்டாமாம்.

நவம்பர் 15

கொழும்பிலிருந்து பதில் இல்லை.

நவம்பர் 17, சனி

பதுளை ரயில் நிலையம். ஒரு தகரப்பெட்டி, ஒரு மூட்டை. தனலெட்சுமி அழவில்லை, பெட்டியின் கைப்பிடியைக் கடைசிவரை விடவில்லை.

மாரியாயி என்னைத் திட்டியிருக்கலாம்; திட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே குனிந்து, "பொறக்கப்போற புள்ளைக்கு என்ன பேரு வச்சாங்கன்னு நீங்க எழுதிப் போடுங்க நானா. இவளுக்கும் எழுத வராது. அங்க யாராச்சும் படிச்சுச் சொல்லுவாங்க," என்றாள்.

ரயில் சொன்ன நேரத்துக்கே புறப்பட்டது.

நவம்பர் 20

கொழும்பிலிருந்து பதில். திகதி நவம்பர் 16. விசாரணை டிசம்பர் 14, வெள்ளி, காலை ஒன்பதரை. மனுதாரரும் சாட்சியும் நேரில் வர வேண்டும்.

சாட்சி வருவார் என்று எழுதிப் போட்டேன்.