விளிம்பு வரை நிரப்பிய தூக்குச்சட்டி

லாத்தா,

காலையில் குளியலறைக் கதவைத் திறந்ததும் உங்கள் வீட்டு வாசனை அடித்தது. பேரன் பெண்டாட்டி போனில் தட்டி வரவழைத்த சோப்பு. உறையைத் தேடிப் பார்த்தேன். அதே பச்சை, அதே ரோஜாப் பூ.

உங்கள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து விடுப்பில் வரும்போதுதானே அது நம் தெருவுக்குள் வரும்? பெட்டி பிரித்த மறுநாள் உங்கள் எவர்சில்வர் தூக்குச்சட்டி எங்கள் வாசலுக்கு வந்துவிடும். உள்ளே ஒரு சோப்பு. உறையிலிருந்த அரபு எழுத்தை நீங்கள் ஓதிக் காட்டுவீர்கள். அஞ்சாவதோடு நின்ற நான் பக்கத்திலிருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டுவேன். பிறகு கூறைப்புடவை மடிப்புக்குள் வைத்துப் பீரோவைப் பூட்டிவிடுவேன்.

"ஏண்டி, குளிக்கக் கொடுத்தா ஒளிச்சு வைக்கிறே? புடவையா குளிக்கப் போவுது?"

"மச்சான் அடுத்து எப்ப வருவாரோ. அதுவரைக்கும் மணக்க வேணாமா லாத்தா?"

அந்தச் சட்டியை நான் ஒருநாளும் வெறுமையாகத் திருப்பியதில்லை. தை அறுப்பு முடிந்ததும் எங்கள் வயல் அரிசியை விளிம்பு வரை நிரப்பி அனுப்புவேன். தண்ணீர் வராமல் சம்பா கருகிய வருஷத்திலும், இருந்ததில் அள்ளிப் போட்டு அனுப்பினேன். அது என் கர்வம். "அவ கொடுக்கிறதை வேணாம்னு சொல்லிப் பாரு, சண்டைக்கு வருவா" என்று மகளிடம் சொல்வீர்களே.

போன பெருநாளைக்குப் பிரியாணியோடு வந்த சட்டி என்னிடமே தங்கிவிட்டது. திருப்புவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு உங்கள் மகள் துபாயிலிருந்து வந்திருந்தாள். நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

"அங்க எல்லா அரிசியும் கிடைக்குது சின்னம்மா. தஞ்சாவூர் அரிசின்னே பாக்கெட்டுல விக்கிறாங்க. பெட்டியில இடமும் இல்ல."

"சட்டியையாவது எடுத்துக்கம்மா. உம்மாவோடது."

"எவர்சில்வர்தானே, நீங்களே வச்சுக்குங்க." சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு சோப்பை எடுத்து நீட்டினாள். "உங்களுக்குப் பிடிக்கும்னு உம்மா சொல்லுவாங்க. அங்கேருந்து எடுத்துட்டு வர மறந்துட்டேன். நேத்துப் பட்டுக்கோட்டையில வாங்கினேன்."

அவளைக் குறை சொல்லவில்லை லாத்தா. நல்ல பிள்ளை, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் வீட்டில் மட்டும் என்ன? விளைந்த நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. சாப்பாட்டுக்குப் பாக்கெட் அரிசி வாசலுக்கு வருகிறது. எல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்கும்போது, யார் வீட்டுக்கு யார் எதைக் கொண்டு போவது? நான் கொடுத்தது அவளுக்குச் சுமை. அவள் கொடுத்ததை நான் எந்தப் புடவைக்குள்ளும் வைக்கவில்லை.

உங்கள் மகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு துபாய்க்கே போய்விட்டாள். சட்டி எங்கள் அடுப்படி அலமாரியில் இருக்கிறது. அரிசியில் வண்டு விழுந்திருந்தது. இன்று முற்றத்தில் கொட்டிப் புடைத்து, வெயிலில் உலர்த்தி, திரும்பவும் விளிம்பு வரை நிரப்பினேன்.

"எதுக்கு அப்பத்தா இந்த வேலை?" என்றாள் பேரன் பெண்டாட்டி.

"அடுத்த வீட்டுச் சட்டிய வெறுஞ்சட்டியா வச்சிருக்கக் கூடாதும்மா" என்றேன்.

எந்த வீடு என்று அவள் கேட்கவில்லை. மூடியை அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.