பணம் வந்துருச்சுன்னு கத்துனது நான்

ஜூலை 7, திங்கள்

விடிஞ்சதுலேருந்து மூடுபனி. சிலிண்டர் வரல. சிக்னல் கெடைக்கறது என் டீக்கடை ஜன்னல்லதான், அங்க வழக்கம்போல நாலு வீட்டு ஃபோனு. வட்டக்கானல் கீழ் வீடுகள்ல டவர் இல்லைன்னா நான்தான் இவங்களுக்கு டவரா? மெசேஜ் வந்தா வாசி, கீழ பாத்துக் கத்து. சம்பளமில்லாத சோலி.

பதினோரு மணி போல ஸ்டெல்லா அக்கா ஃபோன்ல ஒண்ணு. கணக்குல இருபதாயிரம் வரவு. அக்கா ரெண்டு ரூம் வாடகைக்கு விடுது, அந்தப் பணம்னு நெனச்சேன். "யக்கா, பணம் வந்துருச்சு!"

அக்கா மேல ஏறி வர்றதுக்குள்ள ஒருத்தன் கால். அட்வான்ஸ் ரெண்டாயிரம் போடப் போயி ஒரு சைபர் கூடிப்போச்சாம், மிச்சத்தத் திருப்பி அனுப்பணுமாம், பொண்டாட்டி ஆஸ்பத்திரிலயாம். ஒரே அழுக. அக்கா கேட்டுட்டு, "பாவம்டி செல்வி. ஊரான் காசு நமக்கெதுக்கு?" மக ஜெனி போட்டுக்குடுத்த ஆப்ல அக்காவுக்கு வாங்கத்தான் தெரியும், அனுப்பத் தெரியாது. அனுப்பச் சொல்லிக் கேக்க ஜீப் ஏறி டவுனுக்கு, செல் கடைக்குக் கெளம்பிருச்சு. கணக்குல கெடக்குறது ஜெனியோட நர்சிங் ஃபீஸ். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ஜீப் போன பெறகு சேவியர் அண்ணன் ஃபோன் கிணுங்குச்சு. அதே மெசேஜ், அதே இருபதாயிரம். அண்ணன் கேரட் போடற ஆளு, அவருக்கு எவன் ரூம் அட்வான்ஸ் போடுவான்? வந்தது பேங்க் பேர்ல இல்ல, சும்மா ஒரு செல் நம்பர்ல. அப்ப அக்காவுக்கு வந்ததும் பொய்யி.

அக்காவுக்கு அடிச்சேன். பிஸி. திரும்ப பிஸி. அடுப்பை அணைச்சுட்டு காய்கறி வண்டில ஏறிட்டேன். "அண்ணே, வெரசா!" "இந்தப் பனியில பறக்கவா சொல்ற?"

செல் கடையில அக்கா காதுல ஃபோனு. ஒருவாட்டி அனுப்பியாச்சு. "வரலம்மா, இன்னொருவாட்டி போடுங்க, லைனைக் கட் பண்ணாதீங்க"ன்னு அவன். புடுங்கிக் கட் பண்ணேன். "ஏண்டி, கிறுக்கு புடிச்சிருக்கா?" கடைக்காரர்கிட்ட கணக்கு இருப்பைப் பாக்கச் சொன்னேன். இருபதாயிரம் வரவே இல்ல. ஃபீஸ்ல பாதி போயிருச்சு. அக்கா அங்கயே தரையில உக்காந்துருச்சு.

ஜூலை 8, செவ்வாய்

சாரல். சைபர் போலீஸ்ல புகார் நேத்தே குடுத்தாச்சு, பேங்க்லயும் எழுதிக் குடுத்தாச்சு. பேங்க்ல சொன்னாங்க, "உடனே வந்தது நல்லது. ஆனா கெடைக்கும்னு சொல்ல முடியாதும்மா."

இனிமே,
வரவுன்னு மெசேஜ் வந்தா இருப்பைப் பாக்கணும், பெறகுதான் பேச்சு.
அழுதாலும் அவசரம்னாலும் லைன் கட்.
ஓ.டி.பி. கத்தவே கூடாது. (இத்தன நாளா ஊருக்கே கேக்கக் கத்திருக்கேன், மாதாவே.)

அக்கா வீட்டுக்காரர் கீழ பேசுனது காதுல விழுந்துச்சு. "அவ கத்துனா நீ கெளம்பிருவியா?" சுருக்குன்னுச்சு.

ஜூலை 10, வியாழன்

மறுபடி பனி. டீத்தூள் வாங்கணும்.

அக்கா டீ குடிச்சுக்கிட்டிருக்கும்போது அது ஃபோன்ல மெசேஜ். புகார் பணம் தயார், லிங்கை அழுத்தவும். "செல்வி, மாதா கண்ணத் தொறந்துட்டாடி!" வெரலு லிங்க்கிட்ட போயிருச்சு. கையைப் புடிச்சுட்டேன்.

"யக்கா, வேணாம். நம்ம புகார் குடுத்தது தெரிஞ்சே கூட அனுப்புவானுங்க."

"உண்மையா இருந்தா? நாளைக்குக் கடைசி நாளுடி."

"பேங்குக்கு அடிச்சுக் கேப்போம்."

"அன்னைக்கு வந்துருச்சுன்னு சொன்னது நீ. இன்னைக்கு வரலங்குறதும் நீ."

பாஸ்புக்ல இருக்கற நம்பருக்கு அடிச்சேன். "நாங்க அனுப்பலம்மா, தொடாதீங்க." அக்காவே கேக்கட்டும்னு ஃபோனை அது காதுல வச்சேன். கேட்டுச்சு. மெசேஜை அதுவே அழிச்சுச்சு. "ஜெனி இந்த வருஷம் வீட்ல இருக்கட்டும்"னு சொல்லி அழுதுச்சு. எனக்கும் அழுக.

ஃபீஸுக்கு என் செயினை அடகு வைப்போம்னு சொல்லிட்டேன். அக்கா மாட்டேங்குது, திட்டுது. விடல நான். நாளைக்கு வெள்ளனே மொத ஜீப்புல ரெண்டு பேரும் டவுனுக்கு. எங்க வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல.