எனக்கு ஜாமீன் நின்ற லயம்

என் பிரியமுள்ள அப்பா,

நீங்கள் இப்போது இல்லை என்று தெரிந்தும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் கை வருகிறது. நான் நன்றாக இருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, தெமியாங்கில் தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

நீங்கள் என்னைப் பெற்றவர் இல்லை என்பது நம் ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லாருக்கும் தெரியும். என்னை இந்தியாவிலிருந்து இந்த மலாயா நாட்டுக்குக் கொண்டுவர நீங்கள் பட்ட பாட்டை மட்டும் நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் அப்பா? லயத்து முனியம்மா அத்தைதான் கேட்காமலே சொல்லுவார். அதை இன்று எல்லோரும் கேட்க எழுதுகிறேன்.

கம்யூனிஸ்டுகள் காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. பால் வெட்டப் போகிறவர்கள் காட்டுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாது, பொழுது சாய்ந்தால் லயத்தை விட்டு வெளியே வரக் கூடாது. அந்த நேரத்தில் நீங்கள் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினீர்கள். அம்மா கணவரை இழந்தவர், இடுப்பில் நான். புதுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் எங்களால் கப்பல் ஏற முடியாது.

மனு எழுதிய தோட்டத்து ஆபீஸ் கணக்கர், நம் கிராணி, நல்ல மனிதர். விதவையைக் கட்டினான் என்று நாலு பேர் உங்களைக் கேலி பேசக் கூடாதே என்று, ‘மனைவி, பெற்ற மகள்’ என்று எழுதிவிட்டார். வகுப்பில் சில பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளைக்கு உதவுகிறேன் என்று தப்பு விடையைக் காட்டும். இருவருக்கும் முட்டை விழும். அப்படி ஒரு உதவி.

அனுமதி தரும் சிரம்பான் ஆபீசில் வெள்ளைக்கார அதிகாரி கணக்குப் பார்த்துவிட்டார். மொழிபெயர்ப்பவர் ஊரே கேட்கும்படி கேட்டார். “பிள்ளைக்கு நாலு வயசு. நீ ஊருக்குப் போனது போன வருசம். எப்படிய்யா?”

வரிசையில் நின்ற ஒருவன் விடவில்லை. “கெட்டிக்காரன் லா! தாலி கட்டுறதுக்கு முன்னாடியே தபால்ல பிள்ளை பெத்துட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தீர்களாம்.

“அவ மொதப் புருசன் செத்துட்டாருங்க. அவரு பெத்த பிள்ளை. பெத்ததுன்னு எழுதுனது தப்பு. மகள்னு எழுதுனது தப்பில்ல.”

அதிகாரி கோபப்படவில்லை. ஆனால் மனைவி வரலாம், பிள்ளை வர முடியாது என்றார். “காட்டுல ஆளுங்களைச் சுடுறாங்க. நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆச்சுன்னா இந்தப் பிள்ளைக்கு இங்க யாரு?” என்று கேட்டார்.

பக்கத்துத் தோட்டத்தில் அப்போதுதான் ஒருவரைச் சுட்டிருந்தார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார். நான் வர முடியாது என்றால் அம்மாவும் இல்லை.

மறுநாள் காலைப் பெரட்டு. பேர் கூப்பிடுவதற்காக எல்லோரும் பால்வாளியோடு வரிசையாக நிற்கும் இடத்தில், நடந்ததைக் கிராணியிடம் சொன்னீர்கள். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சத்தமாகவே சொன்னீர்கள்.

“ஏன் கிராணியாரே, இதைப் போயா மறைச்சீங்க?” என்றபடி முனியம்மா அத்தை வாளியைக் கீழே வைத்தார். “ஆயாக்கொட்டாயில இருக்கிற பிள்ளைங்களோட இதுவும் ஒண்ணு. எம்பேரை எழுதுங்க. நான் ஜாமீன்.”

நம் தோட்டத்து ஆயாக்கொட்டகையை மற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டும். தாய்மார் விடியுமுன் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். எந்தப் பிள்ளை அழுதாலும், காட்டிலிருந்து முதலில் திரும்பும் தாய் அதை எடுத்துப் பால் கொடுப்பாள். யார் பெற்றது என்று அங்கே யாரும் பார்த்ததில்லை.

“எம்பேரும்,” என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். “நாங்க மட்டும் என்ன மரமா?” என்று வேறொரு குரல். வரிசை கலைந்தது. பால் வெட்ட ஆள் போகாமல் காடு இன்னும் காலியாக இருக்கிறதே என்று சத்தம் போட்டுக்கொண்டு தோட்டத்துத் தொரை வந்தார். விஷயத்தைக் கேட்டதும், “நீங்களெல்லாம் அவனுக்கு என்ன உறவு?” என்றார்.

முனியம்மா அத்தை சொன்னார். “நாளைக்கு எங்களைச் சுட்டா எங்க பிள்ளைங்களை இவன் வளப்பான், தொரே. அதான் உறவு.”

அன்று மத்தியானம் வேலை முடிந்ததும் தொரையே லாரி கொடுத்தார். சிரம்பான் ஆபீசில் அந்த அதிகாரி ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொருவரும் “எங்கிட்ட வளரும்” என்றார்கள். கடைசியில் அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, “போதும், போதும். இந்த ஊரில் எனக்கே இத்தனை சொந்தம் இல்லை!” என்று கையெழுத்துப் போட்டார். லாரி திரும்பும் வழியெல்லாம் பாட்டும் கும்மாளமும்தானாம். தோட்டத்துக் கேட்டில் நின்ற காவல்காரன் கல்யாணக் கோஷ்டி என்று நினைத்துவிட்டான்.

நாங்கள் வந்து இறங்கிய நாளும் அப்படித்தான். லயத்து வாசலில் அம்மா என்னை இறக்கிவிடக்கூட இல்லை. “அனுமதி வாங்குனது நாங்க. மொதல்ல எங்க கையில கொடு, தாயி,” என்று அத்தை வாங்கிக்கொண்டார். கை மாறி மாறி நான் லயத்தின் கடைசி வீடுவரை போய்விட்டேன். அம்மா அழுதுகொண்டே சிரித்ததை முதன்முதலாக அன்றுதான் பார்த்தீர்கள், இல்லையா?

இப்போது இங்கே நடந்ததைச் சொல்கிறேன். சுங்கை காடுட்டில் ஃபேக்டரி வேலை பார்க்கும் எதிர்வீட்டுப் பையன், இந்தோனேசியாவில், மேடானில் ஒரு பெண்ணைக் கட்டியிருக்கிறான். அவளுக்கு முதல் கல்யாணத்தில் ஒரு மகன். “டீச்சர், அவங்க ரெண்டு பேரு விசாவையும் சொந்தக்காரங்களுக்குத் தெரியாம முடிச்சிரணும்,” என்றான். நான் அவனுக்கு உங்கள் கதையைச் சொன்னேன். பிறகு டாக்சி பிடித்து அவனோடு விசா ஆபீசுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லி, நானே ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் என்னை அத்தை முறை சொல்லி, “மக்சிக் இவருக்கு என்ன உறவு?” என்றாள்.

“நாளைக்கு இவர்களுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பையன் என்னிடம் வளர்வான்,” என்றேன். அவள் என் நரைமுடியைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நேற்று இரண்டு பேருக்கும் விசா கிடைத்துவிட்டது, அப்பா! தெருவே வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனது.

வருகிற வாரம் விமானம் இறங்குகிறது. முழங்கால் என்ன சொன்னாலும் சரி, நான் அங்கே நிற்பேன். அந்தப் பையனை முதலில் என் கையில் வாங்கித்தான் அவன் அப்பாவிடம் கொடுப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
பாக்கியம்