மழைநீர்க் குழியில் உப்புத்தண்ணீர்

மே 6, செவ்வாய்

வெயில் சகிக்கவில்லை. செண்பகத்தோப்பு மலைப் பக்கம் மேகம் கூடிக் கலைந்துவிட்டது, வழக்கம்போல.

இன்றும் பருப்பு வேகவில்லை. எத்தனை விசில் வைத்தாலும் கல். மில் பையன்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சாம்பாரில் பருப்பு தனி, தண்ணீர் தனி. ஒருவன் டிபன் கேரியரை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டான். காதர் பாய் கடைக்குப் போய், பழைய பருப்பை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டேன். சாயங்காலம் அதே பருப்பை அவர் வீட்டில் வேகவைத்து ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினார். வெண்ணெயாகக் குழைந்திருந்தது.

அப்படியானால் கோளாறு என் கிணற்றில்.

வாங்க: புளி, நல்லெண்ணெய், இவருக்கு பிளேடு.

மே 7, புதன்

கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். கரிப்பு. துப்பினேன். நல்ல தண்ணீர் என்று தெருவில் பெயரெடுத்த கிணறு. குடிக்கப் பக்கத்து வேதக்கோயிலிலிருந்து கேன் தண்ணீர் வந்த பிறகு இது சமையலுக்கு மட்டும்தான். யாரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை, நானும்தான்.

தம்பிக்கு போன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவனுக்கு வேலை.

"நல்ல தண்ணி ஒரு பக்கம் வந்தா, உப்பு பூராவும் மறுபக்கம் வருமுல்லாக்கா. நாங்க அதக் குழாய் போட்டுக் கடலுக்கே விட்டுருவோம். உங்க கோயில்ல எங்க விடுதாக?"

எனக்குத் தெரியும். மழைநீர் சேகரிக்கும் குழிக்குள். தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் திறப்பு விழாவில் கமிட்டிச் செயலாளர் ஞானமுத்து அண்ணாச்சி மைக்கில் சொன்னார், ஒரு சொட்டும் வீணாக்காமல் பூமிக்கே திருப்பிக் கொடுக்கிறோம் என்று. எல்லோரும் கைதட்டினோம். அந்தக் குழிக்கும் என் கிணற்றுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

மே 9, வெள்ளி

ஞா. அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். ஏப்பம் வேறு. குழாயைக் குழியிலிருந்து எடுக்கச் சொன்னேன். முடியாதாம். 'துளியும் வீணில்லை' என்று கல்வெட்டு வைத்தாயிற்றாம்.

ஒரு தொட்டியில் பிடித்து, கக்கூஸுக்கும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி சொன்ன யோசனையைச் சொன்னேன். கோயில் தரையைக் கழிவுத்தண்ணீரிலா கழுவுவது என்று முகம் சுளித்தார். என் கிணற்றுக்குள் மட்டும் விடலாம்.

"ஒனக்கு எம்புட்டுக் கேன் வேணும்னாலும் தூக்கிக்கோம்மா. கெணத்தக் கட்டிக்கிட்டு எதுக்கு அழுற?"

அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இவரிடம் சொன்னால், கமிட்டியைப் பகைக்காதே என்கிறார். இவரும் ஒரு ஆள்.

மே 11, ஞாயிறு

புழுக்கம். மில் பையன்களில் பாதிப் பேர் நேற்றோடு வேறு மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

ஆராதனையில் ஞா. அண்ணாச்சி எழுந்து அறிவித்தார்: நம் சகோதரியின் கிணறு கெட்டுப்போயிற்று, சபையார் பாரத்தோடு ஜெபிக்க வேண்டும். எதனால் கெட்டது என்பது அறிவிப்பில் இல்லை. அத்தனை பேரும் முழங்காலில். பின்வரிசையில் ஒரு அம்மா எனக்காக அழுதே விட்டாள். போதகர் நீளமாக ஜெபித்தார். ஜன்னலுக்கு வெளியே ஆர்.ஓ. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

நானும் ஆமென் சொன்னேன். சீ.