முதல் தடம் அடைக்கப்பட்ட இடத்தில் எங்கே நுழைவது

அனுப்புநர்:
தாக் போமி (வயது 26),
மாவட்ட நூலகத் தற்காலிக ஊழியர்,
4-ஆம் கட்டடம், 302, முல்யா குடியிருப்பு,
சாங்னே மாவட்டம், வடக்கு கியோங்சாங், கொரியா.

பெறுநர்:
போக்குவரத்துப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம், சாங்னே.

பொருள்: நெடுஞ்சாலைப் பராமரிப்புப் பணிக்காக முதல் தடம் அடைக்கப்பட்டுள்ள இடத்தில், வாகனங்கள் எந்த இடத்தில் அடுத்த தடத்துக்கு மாற வேண்டும் என்று எழுதிய பலகை வைக்கக் கோருவது குறித்து.

பார்வை: பொதுமக்களில் ஒருவர் அனுப்பிய படக்காட்சியின் பேரில் என் வாகனத்துக்கு வந்த அபராத அறிவிப்பு, நாள் 26.10.2023.

மதிப்பிற்குரிய ஐயா,

வேலை மிகுந்த தங்கள் அலுவலகத்துக்கு இதையும் ஒரு கடிதமாக அனுப்புவதற்கு மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் மனு எழுதியதில்லை. கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான் என்பதால் நான் எழுதுகிறேன். தவறு இருந்தால் அது என் பழக்கமின்மை.

1. கடந்த அக்டோபர் 14, சனிக்கிழமை காலை, என் தந்தை தாக் சாங்கிலை (வயது 58, சுவர்க் காகிதம் ஒட்டும் தொழிலாளி) மருத்துவமனைக்கு என் வாகனத்தில் அழைத்துச் சென்றேன். முந்தின இரவு சாப்பிட்டது செரிக்காமல் நெஞ்சை அடைக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அஜீரணத்துக்கு எப்போதும் செய்வதுபோல, அம்மா அவருடைய வலது கட்டைவிரலில் சிவப்பு நூலை இறுக்கிச் சுற்றி, ஊசியால் குத்திக் கறுத்த ரத்தத்தை எடுத்தார். மறுபடி குத்த வேண்டியிருக்கும் என்று நூலை அவிழ்க்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று நான் கேட்டதற்கு, "அஜீரணத்துக்கு ஆம்புலன்ஸா? கட்டடமே சன்னல்ல நின்னு வேடிக்கை பாக்கும்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

2. காலை 9.52-க்கு, "முன்னே 2 கி.மீ. முதல் தடம் அடைப்பு" என்ற பலகை அருகே வாகனங்கள் வலது தடத்தில் வரிசையாக நின்றன. முதல் தடமான இடது தடம் காலியாக இருந்தது. நான் வரிசையின் கடைசியில் நின்றேன். அதே பலகை 1 கி.மீ. தொலைவிலும் 500 மீட்டரிலும் உண்டு. எங்கே மாற வேண்டும் என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.

3. என் வாகனத்தின் கேமரா முன்பக்கம் மட்டுமே படம் பிடிக்கும். உள்ளே பேசுவதும் பதிவாகும். அன்றைய பதிவில் முன்னால் நின்ற தக்காளி வண்டியின் பின்புறம் முப்பத்து நான்கு நிமிடம் தெரிகிறது. பேச்சை மாற்றாமல் எழுதுகிறேன்.

"அந்தப் பக்கம் ரோடு வெறுமனே கெடக்கே. ஏன் இங்கயே நிக்கிற?" இது அப்பா.

"முன்னாடி அடைச்சிருக்குப்பா. கடைசி வரைக்கும் போய் நுழைஞ்சா ஏமாத்துற மாதிரி."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் நிக்கிறாங்கல்ல."

"நல்லா படிச்ச போ. நாலு வருஷம் காலேஜ்ல எல்லாரும் நிக்கிற எடத்துல நிக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

இதன் பிறகு அப்பா சிரிக்கிறார். பாதியில் சிரிப்பு நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து, "பரவால்ல, நில்லு. எனக்கொண்ணும் அவசரமில்ல" என்கிறார்.

4. 10.26-க்கு அவருடைய நெற்றியில் வியர்வையைக் கண்டு, அடைப்புக்கு 600 மீட்டர் இருக்கும்போது வரிசையை விட்டு இடது தடத்தில் சென்றேன். அடைப்பின் முனையை அடைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அங்கே முதலில் நின்ற லாரியும் அடுத்த வண்டியும் இடைவெளி விடாமல் ஒட்டிக்கொண்டு நகர்ந்தன. அப்பா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார்.

"ஐயா, கொஞ்சம் விடுங்கய்யா. புள்ள இப்பத்தான் ஓட்டப் பழகுது."

லாரியிலிருந்து: "பழகுறப்பவே குறுக்குவழியா? வரிசைன்னா என்னன்னு வீட்ல சொல்லித் தரலையா?"

"சொல்லித் தரலய்யா. எம்மேல தப்புதான்."

உடம்பு சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் எனக்கு உடனே பேச்சு வராது.

மூன்றாவது வண்டி 10.31-க்கு வழிவிட்டது. "பின்விளக்கைப் போட்டியா? விட்டவங்களுக்கு நன்றி சொல்லணும்ல" என்றார் அப்பா. நான் நான்கு விளக்குகளையும் சிமிட்ட விட்டேன். அதற்குப் பிறகு பதிவில் அவர் குரல் இல்லை.

5. 10.41-க்கு மருத்துவமனையை அடைந்தோம். 11.20-க்கு அவர் இறந்துவிட்டதாகத் தெரிவித்தார்கள். மாரடைப்பு. நேரத்தைப் பற்றி மருத்துவர் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

6. இறுதிச் சடங்கு முடிந்த மறுவாரம், நின்று நகரும் வாகனங்களுக்கு இடையே நுழைந்ததற்காகப் பார்வையில் கண்ட அறிவிப்பு வந்தது. வழிவிட்டவரே படத்தை அனுப்பினாரா, அவருக்குப் பின்னால் நின்றவரா என்று தெரியவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் முப்பத்து நான்கு நிமிடம் அந்த வரிசையில் நின்றவள். பக்கத்தில் ஒரு வண்டி கடந்துபோனபோது நானும் அதன் எண்ணைப் பார்த்து வைத்தேன்.

7. சரியான இடம் எது என்று அதன்பின் விசாரித்தேன். தங்கள் அலுவலகத் தொலைபேசியில், "பலகையைப் பாத்ததும் மாறிடணும்மா, அதான் மரியாதை" என்றார்கள். சாலைப் பராமரிப்பு அலுவலகத்தில், "கடைசி வரைக்கும் ரெண்டு தடத்துலயும் போயி, இதுல ஒண்ணு அதுல ஒண்ணுன்னு மாறி மாறி நுழையணும். அப்பத்தான் வரிசை நீளாது" என்றார்கள். அதைப் பலகையில் எழுதலாமே என்று கேட்டேன். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா" என்றார்கள். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரிடம் கேட்டபோது, "எவன் விடுறானோ அங்க நுழையணும்" என்றார்.

8. மூன்று சனிக்கிழமைகள் அங்குள்ள நடைமேம்பாலத்தில் நின்று பார்த்தேன். முதல் இரண்டிலும் வரிசை 2 கி.மீ. பலகையைத் தாண்டியது, இடது தடம் காலி. மூன்றாவது வாரம், வண்டிகளை எச்சரிக்க முனையில் வைத்திருக்கும் கொடி அசைக்கும் இயந்திரப் பொம்மை பழுதாகியிருந்ததால் ஒரு பணியாளர் நின்று, பக்கத்துக்கு ஒன்றாக வண்டிகளை விட்டார். அன்று இரண்டு தடங்களும் நிரம்பின. வரிசை ஒரு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. இப்போது பொம்மையைச் சரிசெய்துவிட்டார்கள். அது எல்லா வண்டிகளுக்கும் ஒரே மாதிரி கையசைக்கிறது.

9. எனவே, "முனை வரை இரு தடங்களிலும் செல்லவும், முனையில் ஒன்றுவிட்டு ஒன்று நுழையவும்" என்றோ, அல்லது தாங்கள் சரியென்று கருதும் வேறு இடத்தைக் குறிப்பிட்டோ, மூன்று தொலைவுகளிலும் பலகை வைக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். எந்த இடம் என்பதைவிட, ஒரே இடம் என்று எல்லோருக்கும் தெரிந்தால் போதும். பணி மார்ச் வரை நடக்கும் என்று எழுதியிருக்கிறது.

10. அபராதத்தை நீக்கும்படி நான் கேட்கவில்லை. கட்டினால் கோப்பு முடிந்துவிடும், படக்காட்சியும் நீக்கப்படும் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால்தான் இன்னும் கட்டவில்லை. கடைசி நாள் டிசம்பர் 1.

அறிவிப்போடு வந்த படம் மங்கலானது. அதில் என் வண்டியின் எண்ணும், எரியும் பின்விளக்குகளும் தெரிகின்றன. அப்பா உட்கார்ந்திருந்த வலப்பக்கச் சன்னலுக்கு வெளியே ஒரு கை இருக்கிறது. கட்டைவிரலில் சிவப்பாக ஏதோ இருக்கிறது. முழுக் காட்சி பதினோரு விநாடி என்று தங்கள் ஊழியர் சொன்னார். அப்பா கையை அசைத்தாரா, தாழ்த்தி வணங்கினாரா என்று எனக்குத் தெரியாது. முன்னால் பார்த்து ஓட்டச் சொல்லியிருந்தார். நான் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் எடுத்தவரின் பெயரோ குரலோ எனக்கு வேண்டாம், அவற்றை நீக்கிவிடலாம். அந்தப் பதினோரு விநாடியின் பிரதி ஒன்றை மட்டும் எனக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கிடைத்த அன்றே அபராதத்தைக் கட்டிவிடுகிறேன்.

இடம்: சாங்னே
நாள்: 20.11.2023

இப்படிக்கு,
பணிவுடன்,
தாக் போமி
(ஒப்பம்)