கம்பியின் என் பாதி

குடவாசல்
12.10.1997

அன்புள்ள இர்ஃபானா,

போன வருஷப் பனியில் நீ நிற்கும் படம் வந்தது. சிவப்புக் கோட்டு உனக்கு எடுப்பாக இருக்கிறது. நம் கல்லூரி வகுப்பில் நான்தான் முதலாக வந்தேன் என்று அப்பா இன்னும் ஊரெல்லாம் சொல்கிறார். கும்பகோணம் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன்.

உன் ஆராய்ச்சிக் கணக்கு சொல்வதைவிட நிஜக் கம்பி சீக்கிரம் அறுந்துவிடுகிறது என்கிறாய். இழுக்கும் முன்பே கம்பிக்குள் இருக்கும் துளைகளை மட்டும்தானே சேர்த்திருக்கிறாய்? எங்கள் வரப்பில் பெரிய நண்டு வளைகள் தள்ளித் தள்ளித்தான் இருந்தன. நடுவில் குஞ்சு நண்டுகள் பிறகு போட்ட பொடி வளைகள்தான் அவற்றைச் சேர்த்து வரப்பை உடைத்தன. கம்பியிலும் இழுபடும்போது பொடித் துளைகள் புதிதாகப் பிறக்கின்றனவோ? சேர்த்துப் பாரேன்.

மங்கை

ஜெர்மனி
20.12.1997

என் மங்கைக்கு,

கணக்குப் பொருந்திவிட்டதடி! பேராசிரியர் எல்லோர் முன்னாலும் "இர்ஃபானாவின் நண்டு வளைகள்" என்றார். சிரித்துவிட்டேன்.

கல்லூரியில் நாம் இழுத்து அறுத்த கம்பியை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோமே. ஊர் ஞாபகம் வரும்போதெல்லாம் தடவித் தடவி, என் பாதியின் அறுந்த முகம் துருவேறிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை. நீ எண்ணெய் பூசி வைத்திருப்பாய். அனுப்பேன். கணக்கு அந்தக் கம்பியின் அளவுகளை வைத்துத்தான் போட்டது, கட்டுரைக்கு அதன் படமே வேண்டும்.

இர்ஃபானா

குடவாசல்
18.1.1998

இர்ஃபானா,

பாதியைத் துணியில் சுற்றித் தபாலாபீசுக்குக் கிளம்பினேன். "அறுந்த கம்பிக்கு ரிஜிஸ்தர் தபாலா? பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டா பேரீச்சம்பழமாவது தருவான்" என்றார் அப்பா. வரிசையில் நின்றபோது "இர்ஃபானாவின்" என்ற வார்த்தை மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

உனக்குப் பனி, கோட்டு, மைக்ராஸ்கோப். எனக்கு அந்த வளைகள் மட்டும்தான். பொறாமையாக இருக்கிறது, மறைக்கத் தெரியவில்லை. அவை யாருடையவை என்று உன் பேராசிரியரிடம் சொல்லிவிட்டு எழுது. அன்றே அனுப்புகிறேன்.

மங்கை

ஜெர்மனி
14.2.1998

மங்கை,

கோபப்படாதே. இப்போது சொன்னால் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்பார். கட்டுரை பத்திரிகைக்குப் போய்விட்டது. படத்தைப் பிறகு சேர்க்கலாமாம். கடைசியில் நன்றிப் பகுதியில் உன் பெயர் இருக்கிறது, முழுப் பெயராகவே. "மங்கையைப் பாரு, மங்கையைப் பாரு" என்று அத்தா என்னை எத்தனை வருஷம் குத்திக்காட்டினார் தெரியுமா? ஒரு தடவை எனக்கு இருக்கட்டுமே. பாதியை அனுப்புவாய்தானே?

இர்ஃபானா

குடவாசல்
30.3.1998

இர்ஃபானாவுக்கு,

நலம்தானே? திருச்சியில் ஒரு கல்லூரிக்கு எழுதிக் கேட்டிருந்தேன். நேற்று என் பாதியை மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். பெரிய குழிகளுக்கு நடுவே பொடிக் குழிகள், நான் சொன்ன இடத்திலேயே. வாய் திறக்கக் கூசுகிற நான், அங்கே நின்றவர்களுக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டினேன்.

படமும் பாதியும் என்னிடமே இருக்கும். உன் கட்டுரை வெளிவந்ததும் ஒரு பிரதி அனுப்பு. என்னுடையது வரும்போது நானும் அனுப்புகிறேன். நன்றிப் பகுதியில் உன் பெயர் இருக்கும், முழுப் பெயராகவே.

ந. மங்களாம்பிகை